பதினோராவது ஆள்

கிறிஸ்தோப்பரின் துப்புரவு நிறுவனத்தில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். எல்லோரும் உறவு.

2004 வசந்தத்தில் அவருடைய வரி ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார். பெர்லினில் ஒரு சட்டம் வரப்போகிறது என்றார். பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கும் முதலாளிகள் ‘லேலிங்’ எனப்படும் தொழில் பழகுநர்களை எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள் பணம் கட்ட வேண்டும். எடுப்பவர்களுக்கு அந்தப் பணம் உதவியாகப் போகும்.

“தரை துடைக்க மூண்டு வருச அவுஸ்பில்டுங்கோ?” என்றார் கிறிஸ்தோப்பர்.

ஜெர்மனியில் அப்படித்தான் இருந்தது. அவுஸ்பில்டுங் என்னும் அந்தத் தொழிற்பயிற்சியின் முடிவில் பரீட்சையும் உண்டு.

பழக்கவும் மனமில்லை, பணம் கட்டவும் மனமில்லை. ஒரு ஆளைக் குறைத்தால் பத்து. சட்டம் அவர் இருந்த கெல்சென்கிர்ச்சன்வரை வந்து அவருடைய வாசலைத் தாண்டிப் போய்விடும்.

யாரைக் குறைப்பது? ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்தபடி லூக்காசிடம் கேட்டார். லூக்காஸ் அவருடைய மனைவி டொறத்தியின் தம்பி. பதினொன்றில் ஒருவர்.

“பெரியண்ணையின்ர மகன்?”

“அண்ணை பிறகு என்ர செத்த வீட்டுக்கும் வரமாட்டார்.”

“கொறற்றி அக்கா?”

“என்ர மூத்தவனுக்கு அவதானே ஞானத்தாய்.”

“அப்ப என்னை நிப்பாட்டுங்கோவன், அத்தான்.”

“உன்னை நிப்பாட்டினா உன்ர அக்கா எனக்குச் சோறு போடமாட்டா.”

“அப்ப அக்காவையே நிப்பாட்டுங்கோ.”

லூக்காஸ் பகிடியாகத்தான் சொன்னார். கிறிஸ்தோப்பர் தேநீரைக் கீழே வைத்தார். உறவு முறியாமல் நிறுத்தக்கூடிய ஒரே ஆள் மனைவிதான்.

டொறத்தியும் பதினொன்றில் ஒருவர்; யார் எங்கே எத்தனை மணிக்குப் போவது என்று தீர்மானிப்பவர் அவர்தான். எந்தத் திறப்பு எந்தக் கட்டடத்தின் பூட்டுக்கு என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

“உம்மை நிப்பாட்டுறது பேப்பரில மட்டும்தான்,” என்றார் கிறிஸ்தோப்பர். “வேலையை வழமைபோலச் செய்யலாம்.”

“சம்பளம்?”

“அதுதான் பேப்பரில இல்லையே.”

“என்ர பென்சன்?”

“நான் இருக்கிறன்தானே.”



“அப்ப எழுத்தில தாங்கோ.”

கடிதத்தை வரி ஆலோசகர் எழுதினார். கல்யாணமான நாளிலிருந்து கிறிஸ்தோப்பர் மனைவியை ‘இஞ்சரும்’ என்று மட்டுமே கூப்பிட்டிருந்தார். கடிதம் ‘பெருமதிப்புக்குரிய திருமதி டொறத்தி’ என்று தொடங்கியது. அவருடைய எதிர்கால வாழ்வு சிறக்க நிறுவனத்தின் வாழ்த்துகளோடு முடிந்தது. கிறிஸ்தோப்பர் வாசிக்காமல் கையெழுத்திட்டார்.

டொறத்தி வாசித்தார். மறுநாள் அதை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த அதிகாரிக்கு மகிழ்ச்சி. சட்டத்துக்குப் பயந்து, பெரிய துப்புரவு நிறுவனம் ஒன்று அவசரமாகப் பழகுநர்களைத் தேடிக்கொண்டிருந்தது. வயதை யாரும் கேட்கவில்லை. தலை எண்ணிக்கைதான் தேவைப்பட்டது.

ஜூன் மாதம் அரசும் முதலாளிமாரும் கைகுலுக்கினார்கள். பயிற்சி இடங்களைத் தாங்களாகவே தருவதாக முதலாளிமார் வாக்குக் கொடுத்தார்கள். சட்டம் கிடப்பில் போடப்பட்டது. தொலைக்காட்சியைப் பார்த்துக் கிறிஸ்தோப்பர் கைதட்டினார்.

“இஞ்சரும், சட்டம் இல்லையாம். நாளைக்கு உம்மைத் திருப்பிப் பதியிறன்.”

“ஏலாது. நான் அவுஸ்பில்டுங்குக்குக் கையெழுத்து வைச்சிட்டன். ஓகஸ்ட்டில தொடங்குது.”

“என்ன அவுஸ்பில்டுங்?”

“துப்புரவு.”

“உமக்கென்ன விசரே? இவ்வளவு வருசமாத் துடைக்கிறீர். இனி என்னத்தைப் பழகப்போறீர்?”

“சம்பளத்தோட துடைக்க.”

“சட்டம் இல்லையெண்டா அவங்களும் உம்மை நிப்பாட்டுவாங்கள்.”

“முதல் மூண்டு மாதம் போச்செண்டா ஏலாதாம். விசாரிச்சிட்டன். மனிசியை நிப்பாட்டலாம். லேலிங்கை நிப்பாட்டேலாது.”

ஓகஸ்ட்டில் ஒரு காலை, பல் வைத்தியர் ஒருவரின் வாசலில் கிறிஸ்தோப்பர் திறப்புக் கோர்வையோடு நின்றார். எதுவும் பொருந்தவில்லை. லூக்காஸ் வாளியோடு பின்னால் நின்றார். கிறிஸ்தோப்பர் மனைவிக்கு அழைப்பெடுத்தார்.

“இஞ்சரும், பல் வைத்தியரின்ர திறப்பு எது?”

“பெருமதிப்புக்குரிய திருமதி டொறத்தி எண்டு கேளுங்கோ.”

கிறிஸ்தோப்பர் லூக்காசைப் பார்த்தார். முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே கேட்டார்.

“நீல நூல் கட்டினது,” என்றார் டொறத்தி. “இனி வேலை நேரத்தில எடுக்காதேங்கோ. உங்கட எதிர்கால வாழ்வு சிறக்க வாழ்த்துறன்.”