ஒரு ட்யூனிங் மீதான கண்டனத் தீர்மானம்

புதுச்சேரி வடபகுதி சொந்தக் கார் உரிமையாளர் நலச் சங்கத்தின் அவசரப் பொதுக்குழு, 1979 ஜூலை முதல் ஞாயிறன்று காலை பத்தரை மணிக்குக் கூடி, நாட்டின் தொழில் நாணயத்துக்கே நேர்ந்துவிட்ட பேரிழுக்கை ஆழ்ந்த கவலையுடன் பரிசீலித்து, முத்தியால்பேட்டை மெக்கானிக் பலராமனிடம் உறுப்பினர் எவரும் இனி எந்த வாகனத்தையும் ஒப்படைக்கலாகாது என ஏகமனதாகத் தீர்மானித்தது.

இழுக்கை நாடு தாங்கிக்கொண்டது. தீர்மானத்தைப் பலராமனால்தான் தாங்க முடியவில்லை.

சங்கத்தில் நாங்கள் நாலு பேர். கார்கள் மூன்று. நாலாமவர் காரை விற்றுவிட்டார். பொருளாளர் பதவியை விற்க ஆள் கிடைக்கவில்லை. தலைவர், தெய்வசிகாமணி ஆகிய நான். சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறேன். லெட்டர் பேடு சும்மா அடித்துத் தருகிறவனை விட்டுவிட்டு வேறு யாரைத் தலைவராக்குவார்கள்?

சங்கத்துக்கென்று ஒரு தோல்பை உண்டு. மினிட் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, மை டப்பா, லெட்டர் பேடு எல்லாம் அதில் இருக்கும். காரில் ஏறியதும் டாஷ்போர்டில் இருக்கும் ஒரு கறுப்புக் குமிழை ஓர் அங்குலம் வெளியே இழுத்து, அதன் தண்டில் பையின் வாரை மாட்டுவேன். இறங்கும்போது பையை எடுத்துக்கொண்டு குமிழை உள்ளே தள்ளிவிடுவேன். எதிலும் ஒழுங்கு வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அந்த அம்பாசிடரை எனக்கு விற்ற எங்கள் பொருளாளர் சவரிநாதன், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா, அந்தக் குமிழில்தான் தன் தொப்பியை மாட்டியிருந்தார். பட்டாளத்துக்காரர் தப்பாகவா மாட்டுவார்? எட்டு வருஷமாக நானும் மாட்டினேன்.

அந்த ஜூன் மாசம் வண்டியை ட்யூனிங் செய்யப் பலராமனிடம் விட்டேன். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்து, மெட்ராஸ் போய் எஞ்சின் வேலையை முறையாகக் கற்றுத் திரும்பியவன். நாற்பது வயசு. சங்கத்தின் செயலாளர் கிருஷ்ணசாமி உழவர்கரையில் நாலு வேன் வாடகைக்கு விடுகிறார். அந்த நாலையும் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பலராமனிடமே விடுவதாகச் சொல்லியிருந்தார். என் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, என்று ஒரு நிபந்தனை. பலராமன் அதை நம்பி ஷெட்டுக்கு முன்னால் கீற்றுப் பந்தல் இழுத்துக் கட்டிவிட்டான்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் சொன்னான்:

"சார், பிளக்கு, பாயிண்டு மாத்திட்டேன். டைமிங் வச்சாச்சு. கார்ப்புரேட்டர கழட்டிச் சுத்தம் பண்ணேன். சோக் வயரு அந்து கெடந்துது, எத்தினி வருசமோ. தண்டோட புதுசு போட்டிருக்கேன். காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும் இழுங்க. கெளம்பினதும்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்பா" என்றேன்.

தெரியாது. சோக் என்ற சொல் தெரியும். அது பானெட்டுக்குள் எங்கேயோ, நமக்குக் கல்லீரல் போல, தன் பாட்டுக்கு இருக்கும் ஓர் உறுப்பு என்று நினைத்திருந்தேன். கார் சங்கத்தின் தலைவர் ஒரு மெக்கானிக்கிடம் போய், "அது எங்கப்பா இருக்குது?" என்று கேட்க முடியுமா?

மறுநாள் காலை வண்டி ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியது. மணிக்கூண்டு வரைக்கும் ராஜநடை. அப்புறம் இருமல் ஆரம்பித்தது. பின்னால் கரும்புகை. பெட்ரோல் நாற்றம். நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது முக்கியது. டீக்கடையில் ஒருவன் எழுந்து நின்று குரல் கொடுத்தான்:

"கொசு மருந்து வண்டி வந்துடுச்சுடோய்! ஜன்னல தொறந்து வைங்க!"

நேரே பலராமனிடம் போனேன். பையை எடுத்துக்கொண்டு, வழக்கப்படி குமிழை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினேன். அவன் ஏறி கடற்கரை வரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"நல்லாதான சார் போவுது?"

நான் ஏறினேன். தெருமுனையில் இருமியது.

அன்று மாலை அவன் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினான். அடுப்புக்கரி மாதிரி இருந்தன. "பெட்ரோல் ஜாஸ்தி எறங்குது" என்று தலையைச் சொறிந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "தப்பா நெனச்சிக்காதீங்க சார். சோக்க இழுத்தே ஓட்டுறீங்களா?"

"எட்டு வருஷமா கார் வச்சிருக்கேன். சோக்க நான் கையால தொட்டதே இல்ல!"

மனசறிந்து சொன்னேன். கோயிலில் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

"அப்ப நானும் கூட வந்து பாக்கறேன் சார்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஒரு மெக்கானிக் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா வருவது எனக்குப் பிடிக்கவில்லை. பையை அவன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வண்டி கோரிமேடு வரை போய்த் திரும்பியது. ஒரு தும்மல் இல்லை.

"நீ இருந்தா ஓடுது. நான் தனியாப் போனா இருமுது. இன்னாய்யா பண்ணி வச்சிருக்கிற?"

"நான் இன்னா சார் பண்ணப் போறேன்? உங்க வண்டிக்குச் சூனியமா வெப்பேன்?"

கார்ப்புரேட்டரை மறுபடி கழற்றினான். பெட்ரோல் டாங்க்கைக் காலி செய்து பார்த்தான். ஃபில்டரை மாற்றினான். இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில்கூட வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். மூன்றாம் முறையும் வண்டி அவனிடம் ஒழுங்காக ஓடி, என்னிடம் இருமியது. இது ஏமாற்று வேலை என்று நான் முடிவு கட்டினேன். பொதுக்குழு கூடியது. சவரிநாதன் எழுந்து, தலைவரான என்னைத் தன் பட்டாளத்துப் பிரெஞ்சில் குறிப்பிட்டு, "முசே பிரெசிதான் சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல" என்றார். கிருஷ்ணசாமி வேன்களை வேறொருவரிடம் விட்டுவிட்டார். தீர்மானத்தை என் அச்சகத்திலேயே தடித்த எழுத்தில் அடித்து, மணிக்கூண்டுப் பக்கத்துச் சுவர்களில் நானே ஆள் வைத்து ஒட்டினேன்.

பத்து நாள் கழித்து மனைவி தையல்நாயகியுடன் கனகசெட்டிக்குளத்துக்கு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினேன். அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டி இருமத் தொடங்கிவிட்டது.

"இந்தப் பை இன்னாத்துக்கு என் முட்டிய வந்து வந்து இடிக்குது?" என்று அவள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நீட்டிக்கொண்டிருந்த குமிழை ஒரு விரலால் உள்ளே தள்ளினாள்.

வண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு சீராக ஓட ஆரம்பித்தது.

"பாத்தியா! தானாச் சரியாயிடுச்சு!" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். குமிழை இழுத்தாள். வண்டி இருமியது. தள்ளினாள். இருமல் நின்றது. இன்னொரு தடவை இழுத்துத் தள்ளினாள்.

"இன்னாங்க, இது இன்னாது?"

"அது... பை மாட்டுறது."

அவள் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்தாள். புதுசாகப் பளபளத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போனது ஒன்று.

"பை மாட்டுற ஆணிக்கு எதுக்குங்க வயரு?"

நான் ஹாரன் அடித்தேன். காதுகுத்து வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்த ஆளு பொழப்பு போச்சே" என்றாள். பிள்ளைக்குக் காது குத்தினார்கள். அது வீறிட்டு அழுதது. ஆசாரி ஊசியை என் பக்கமாகத் திருப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு பொதுக்குழுவைக் கூட்டினேன். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "பலராமன் மேல குத்தம் இல்ல" என்று ஆரம்பித்தேன்.

"பின்ன யாரு மேல?" என்றார் கிருஷ்ணசாமி.

நாலு பேரும், என்னைச் சேர்த்துத்தான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். அது ஒரு தலைவரின் முகமாக இருந்தது.

"மனிதாபிமான அடிப்படையில..." என்றேன்.

சவரிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முசே பிரெசிதானுக்கு எவ்ளோ பெரிய மனசு!" என்றார். பலராமனை மன்னிப்பதாக ஒரு தீர்மானமும், மன்னித்த தலைவரைப் பாராட்டி இன்னொன்றும் நிறைவேறின.

"வேன்?" என்று கேட்டேன்.

"அது வேற ஆளுக்கு வருசத்துக்கும் சொல்லியாச்சே. வாக்கு மாற முடியுமா?" என்றார் கிருஷ்ணசாமி.

மன்னிப்புத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பந்தலின் கீற்றுகளைப் பிரித்துக் கட்டுக் கட்டாக வைத்திருந்தான். கையை வேஸ்டுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக வாசித்தான். "மன்னிக்கிறது" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றான்.

"இப்ப எப்படி ஓடுது சார்?"

"பரவால்லப்பா. தானாச் சரியாயிடுச்சு."

அவன் காரின் கதவைத் திறந்தான். பை தரையில் கிடந்தது. அதைப் பார்த்தான். குமிழைப் பார்த்தான். மெல்ல வெளியே இழுத்தான். அவன் போட்ட புதுத் தண்டில், தோல் வார் உரசி உரசி ஒரு பழுப்பு வளையம் விழுந்திருந்தது. வளையத்தை வேஸ்டால் துடைத்தான். இன்னொரு தடவை துடைத்தான். பிறகு குமிழைப் பதவிசாக உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

நான் வாயைத் திறந்தேன். இப்போதாவது உண்மை வரும் என்று நினைத்தேன்.

"கனகசெட்டிக்குளத்துல மோட்டார் படகு எஞ்சின் பாக்கக் கூப்புட்டிருக்காங்க. நாளைக்குப் போறேன் சார்" என்றான், முந்திக்கொண்டு. என்னைப் பேசவிடாமல் காப்பாற்றினானோ, பேசவேண்டாம் என்று ஒதுக்கினானோ தெரியவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "சரி சார்" என்றான்.

பையை இப்போது பின் சீட்டில் வைக்கிறேன். வண்டி நன்றாக ஓடுகிறது.