ஸ்டெல்லா உட்கார்ந்த பந்தி

மேசை அலங்காரம் என்றாலே எனக்கு எரிச்சல். சாப்பிட வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போகப்போகிறான். அதற்குள் மேசைக்குத் துணி எதற்கு, துணிக்கு மேல் இன்னொரு துணி எதற்கு, தண்ணீர் டம்ளருக்குள் காகித விசிறி எதற்கு? இதைக் கேட்டுக் கேட்டே முப்பது வருஷமாக என் மனைவி ஸ்டெல்லாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

நெய்வேலியில் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை விருந்தா, மாதா திருவிழாவா, யாராவது ரிட்டயர் ஆகிறார்களா, மண்டபத்துச் சாவி முதலில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் வரும். முதல் நாளே போய் மேசைகளை இழுத்துப் போட்டு வெள்ளைத் துணி விரிப்பாள். பிளாக் முழுக்க வீடு வீடாக நுழைந்து குரோட்டன்ஸ் இலை வெட்டிக்கொண்டு வருவாள். நீளமான சம்பங்கித் தண்டுகளோடு அதைச் சேர்த்து ஜாடிகளில் செருகுவாள். நாற்காலிக்கு நாற்காலி பெயர் எழுதிய அட்டை வேறு. எல்லாம் முடிந்ததும் இடுப்பில் கைவைத்து ஒரு மூலையில் நின்று பார்ப்பாள். அந்த நேரம் யாரும் குறுக்கே போகக் கூடாது. நான் ஒருமுறை போய்ப் பட்டிருக்கிறேன்.

போன ஆகஸ்டில் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வரக்கூடாத கட்டிதான். ஆபரேஷன் முடிந்து, அதற்குப் பிறகு முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், வைக்க வேண்டும் என்றார்கள். சனி ஞாயிறு போக தினமும் புதுச்சேரிக்குப் போய்வர வேண்டும். நான் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவன். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். நான் லீவு எழுதிக் கொடுக்கப் போனபோது பன்னீர்செல்வம் தாளைப் பிடுங்கிக்கொண்டான். சேத்தியாத்தோப்புக்காரன், இருபத்திரண்டு வருஷமாக என்னோடு ஒரே செக்ஷன்.

"லீவ எல்லாம் இப்பவே தின்னுட்டா அப்புறம் என்னா பண்ணுவ? பகல் ஷிப்ட நாங்க பாத்துக்கினு இருக்கோம். நீ தங்கச்சிய கூட்டிக்கினு போய்ட்டு வா" என்றான்.

செக்ஷனில் பத்துப் பேர் முறை வைத்துக்கொண்டு என்னோடு ஷிப்டை மாற்றிக்கொண்டார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் ஏழு பேர். எங்கள் தெருச் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பன்னீர்செல்வத்தின் மனைவி சந்திரா தினமும் சாயங்காலம் கஞ்சியோடு வந்து, அது காலியானதா என்று தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனாள். இவர்களில் பாதிப் பேர் எங்கள் கோயில் வாசலைக்கூட மிதித்ததில்லை. கடவுள் யார் யார் கையை வைத்து வேலை வாங்குகிறார் என்று அந்த எட்டு மாதத்தில் பார்த்தேன்.

ஏப்ரலில் டாக்டர், கட்டி போய்விட்டது என்று சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே பயமுறுத்தினார். ஸ்டெல்லாவின் எடை நாற்பத்தொரு கிலோ. அடுத்த மாதத்துக்குள் மூன்று கிலோவாவது ஏற வேண்டும், இல்லையென்றால் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்ததும் நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தனியா சாப்பிட விடாதீங்க சார். நாலு பேரோட உக்காந்தா ரெண்டு வாய் கூடவே போகும்."

ஸ்டெல்லாவோ நாலு பேரை விடுங்கள், என்னோடுகூட உட்கார மாட்டேன் என்றாள். கரண்ட் வைத்ததில் வாயில் எச்சில் ஊறுவதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க வேண்டும். ரெண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருவாள். எட்டிப் பார்த்தால், "என்னாங்க, அந்தாண்ட போங்க. பாத்துக்கினு இருந்தா எனக்கு எறங்காது" என்பாள். சிறிது நேரத்தில் தட்டைக் கழுவும் சத்தம் கேட்கும். உள்ளே எவ்வளவு போனது, குப்பையில் எவ்வளவு போனது என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் நன்றித் திருப்பலியும் அதைத் தொடர்ந்து காலை விருந்தும் வைப்பது என்று முடிவு செய்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி சொன்ன மாதிரியும் ஆயிற்று, கூட்டத்தோடு கூட்டமாக அவளும் நாலு வாய் சாப்பிடுவாள். மெனுவே அவளுக்காகத்தான். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மிளகாய் போடாத கோழிக் குருமாவும். தொட்டுக்கொள்ளக் காரமாக ஏதாவது வேண்டும் என்று பன்னீர்செல்வம் கெஞ்சியும் நான் மசியவில்லை.

ஸ்டெல்லா எதையும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் நானும் பன்னீர்செல்வமும் செக்ஷன் ஆட்கள் ரெண்டு பேரும் மண்டபத்துக்குப் போனோம். துணி விரிக்க எங்களுக்குத் தெரியாது. ஆனால் கோணாமல் பெல்ட் ஓட்டத் தெரியும். கயிறு கட்டி, டேப் பிடித்து, ஒரு நூல் பிசகாமல் துணியை இழுத்துவிட்டோம். கட்டி வருவதற்கு முந்தின கிறிஸ்துமஸில் அவள் போட்ட மேசையின் போட்டோ என் போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்து, ஜாடிக்கு ஜாடி அதே மாதிரி சம்பங்கியைச் செருகினோம். காகித விசிறிதான் எங்களை அழவைத்தது. ரெண்டு மணி நேரம் மடித்தும் ஒன்றுகூட நிற்கவில்லை. அவளிடம் முப்பது வருஷம் பேசிய பேச்சையெல்லாம் நான் மனதுக்குள் வாபஸ் வாங்கியது அப்போதுதான்.

பழைய டியூட்டி சார்ட் ஒன்றின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். ஷிப்ட் மாற்றியவர்கள், ரத்தம் கொடுத்தவர்கள், புதுச்சேரிக்குக் கார் ஓட்டியவர்கள், கஞ்சி கொண்டுவந்தவர்கள். கூடவே அவரவர் கணவனோ மனைவியோ, ஃபாதர், ஃபாதருக்குப் பக்கத்தில் நான். சரியாக நாற்பது பேர். நாற்பது நாற்காலிகள் போட்டோம், நாற்பது அட்டைகளையும் நானே என் கையால் எழுதினேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்குள் வந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்காமல் குளித்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். ஸ்டெல்லா வெளிர் நீலச் சேலையில், கழுத்துத் தழும்பை மறைத்துச் சின்னத் துண்டு சுற்றியிருந்தாள். வாசலிலேயே நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். நானும் பன்னீர்செல்வமும் பரீட்சை எழுதிய பையன்களாட்டம் காத்திருந்தோம்.

"துணி நேரா கீது. பரவால்ல" என்றாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள். "இது என்னா, விசிறியா? கோழி கெளறிப் போட்ட மாரி இருக்குது."

ஃபாதர் செபம் சொன்னார். எல்லோரும் தங்கள் பெயர் அட்டையைத் தேடி, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர்கள் தட்டை எடுத்த நேரத்தில்தான் சந்திரா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஸ்டெல்லாக்கா, உங்க சேர் எது?"

எல்லோர் தலையும் திரும்பியது. நாற்பது நாற்காலியிலும் ஆள் இருந்தது. ஸ்டெல்லா சுவரோரம், பாத்திரங்கள் வைத்த மேசைக்குப் பக்கத்தில், எந்த விருந்திலும் அவள் நிற்கிற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

யாருக்காக மெனு போட்டேனோ அவளுக்கு நாற்காலி போடவில்லை. என் பெயரை எழுதிவைத்திருந்தேன், அவள் பெயரை எழுதவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பந்திக்கு முந்து என்பார்கள். இவள் எந்தப் பந்திக்கும் முந்தியதில்லை. முப்பது வருஷத்தில் எந்த விருந்திலும் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் போனபிறகு பாத்திரத்தின் அடியில் இருப்பதை நின்றுகொண்டே சாப்பிட்டிருப்பாள் போல. அதையும் நான் பார்த்ததில்லை. ஆள் எண்ணும்போது அவளை எண்ணும் வழக்கமே எங்கள் யாருக்கும் இல்லை.

அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். "நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன், நீங்கல்லாம் ஆரம்பிங்க" என்று குருமாக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

நான் எழுந்துபோய்க் கரண்டியை வாங்கினேன். "என் எடத்துல போய் உக்காரு, ஸ்டெல்லா."

"வேணாங்க." குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் முடிச்சிட்டு எழுந்து போவாங்க. நான் மொத இடியாப்பத்துலயே நிப்பேன். தண்ணி குடிச்சிக்கினு, தனியா, ஒரு காட்சிப் பொருளு மாரி. என்னால முடியாது."

சந்திராதான் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தாள். நான் சட்டைப் பையிலிருந்த பேனாவால் என் அட்டையைத் திருப்பி ஸ்டெல்லா என்று எழுதி அவள் முன்னால் வைத்தேன். அவசரத்தில் எழுத்து கோணிப்போனது.

உட்கார்ந்தவள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "எதிர்ல யாரு?"

"நான்தாங்கா, சந்திரா" என்று பூவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சந்திரா அதற்குள் தன் இடத்துக்குப் போயிருந்தாள்.

"மூஞ்சே தெரியலையே! எப்பவுமேவா இப்டி மறைச்சிக்கினு இருக்குது?"

பன்னீர்செல்வம்தான் தொண்டையைக் கனைத்தான். "எங்க ரிட்டயர்மென்ட் விருந்துக்கெல்லாம் அப்டித்தான் தங்கச்சி. பூவுக்கு அந்தாண்ட ஒரு தபா, இந்தாண்ட ஒரு தபா எட்டிப் பாத்துப் பேசிப்போம்."

"ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

"உங்கள்ட்ட யாரு சொல்றது?" என்றார் ஃபாதர்.

மண்டபமே சிரித்தது. ஸ்டெல்லாவும் சிரித்தாள். சிரிப்பில் தொண்டை வலித்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நின்றே பார்த்தவளுக்கு உட்கார்ந்தால் மேசை எப்படித் தெரியும் என்று இத்தனை நாள் தெரியவில்லை. அவளே முதல் ஜாடியைத் தூக்கித் தரையில் வைத்தாள். அவரவர் முன்னாலிருந்ததை அவரவர் இறக்கினார்கள். இப்போது எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்டெல்லா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ரத்தம் கொடுத்தவர்களில் நாலு பேரை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள்.

நான் பரிமாறினேன். அவள் இடியாப்பத்தில் ஒரு துண்டு பிய்த்து, தேங்காய்ப்பாலில் தோய்த்து, வாயில் வைத்து, தண்ணீர் குடித்து, கண்ணை மூடி விழுங்கினாள். பிறகு இன்னொரு துண்டு. மற்றவர்கள் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பன்னீர்செல்வம் எழுந்திருக்க மேசையில் கை ஊன்றினான். ஸ்டெல்லாவின் தட்டைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

"ஜோசப்பு, கொஞ்சம் தண்ணி ஊத்து" என்று என்னிடம் சொன்னான்.

பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த மரியாதைதான். இப்போது யார் பார்க்கிறார்கள் அதையெல்லாம்? அன்று பார்த்தார்கள். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. கையில் குருமா காய, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் ஆள் ஒருவன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான். ஃபாதருக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிளைக் கோயிலில் அடுத்த பூசை இருந்தது. இடது கையால் போனை எடுத்து, "கொஞ்சம் லேட்டாகும், அதுவரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அரை மணி நேரம் கழித்துத்தான் ஸ்டெல்லா கவனித்தாள். முப்பத்தொன்பது காலித் தட்டுகள், முப்பத்தொன்பது காய்ந்த கைகள்.

"ஏன் எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கீங்க? எழுந்து கை கழுவுங்க."

"கழுவிக்கலாங்கா, என்னா அவசரம்?" என்றாள் சந்திரா. "நீங்க சாப்பிடுங்க."

"மைன்ஸ்ல எட்டு மணி நேரம் நிக்கிறோம். இங்க சொகமா உக்காந்துதானே இருக்கோம்" என்றான் பன்னீர்செல்வம்.

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. எழுந்து ஓடிவிடுவாள் என்று பயந்தேன். அவள் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. இன்னொரு துண்டு பிய்த்தாள், தோய்த்தாள், தண்ணீரோடு விழுங்கினாள். எட்டு மாதத்தில் அவள் சாப்பிட்டு முடிப்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். ஒரு மனுஷி ரெண்டு இடியாப்பம் சாப்பிடுவதைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

தட்டு காலியானது. அப்பாடா என்று நாற்காலிகள் நகரத் தொடங்கின. அவள் தலையை நிமிர்த்தி என்னைத் தேடினாள்.

"என்னாங்க, இன்னும் ஒண்ணு இருக்குதா?"

நான் சமையல் பக்கம் ஓடினேன். இடியாப்பத் தட்டோடு திரும்பி வந்தபோது எழுந்தவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஸ்டெல்லாவுக்கு வைத்தேன். பன்னீர்செல்வம் காய்ந்த கையோடு தன் தட்டை என் பக்கம் தள்ளி, "எனக்கும் ஒண்ணு வைய்யா" என்றான். சந்திராவும் தள்ளினாள். ஃபாதரும் தள்ளினார். நாற்பது தட்டுக்கும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன்.