சுந்தரிக்கு வாசித்த தாலாட்டு

ஜெகதளாவில் மாணவியர் விடுதிக்கு நிதி சேர்க்க இப்போதெல்லாம் பிரியாணி போட்டு விற்கிறார்கள். அதற்கு முன்னால் ஐந்து வருஷம் யானைதான் சேர்த்துக் கொடுத்தது. மே மாத சீசனுக்குக் குன்னூர்ப் பக்கம் வரும் சர்க்கஸ்காரர்கள் ஒரு மத்தியானக் காட்சியை, விடுதியை நடத்தும் தேவாலயச் சபைக்கு விட்டுக்கொடுப்பார்கள். வசூல் விடுதிக்கு. கோமாளிக்கும் பார் விளையாட்டுக்கும் இருந்த மவுசு கொஞ்சம்தான். தபித்தாள் டீச்சர் கீபோர்டு வாசிக்க, சுந்தரி என்ற யானை ஆடும். கூட்டம் வந்தது அதற்கு.

சும்மா சொல்லக்கூடாது, டீச்சர் நன்றாகவே வாசிப்பார். சபையில் இருபது வருஷமாக அவர்தான். சுந்தரிக்கென்றே ஒரு தாலாட்டுக்கு மெட்டுப் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்ததும் சுந்தரி தலையை இடமும் வலமும் அசைத்து, முன்கால்களை மாற்றி மாற்றி வைத்து ஆடும். கூடாரம் விசிலில் அதிரும்.

டீச்சரின் கணவர் ஞானசீலன் வெடிமருந்து பேக்டரியில் எலக்ட்ரீஷியன். சபையின் மைக்செட்டும் அவர் பொறுப்பு. "எங்க ஊட்டம்மா வாசிச்சா யானையே ஆடுதுங்க. நீங்க கைதட்டறதுக்கே யோசிக்கறீங்க" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார். டீச்சர் அவரை முறைப்பார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். வருஷத்தில் பத்து நிமிஷம் தன் பாட்டைக் கேட்க ஒரு ஜீவன் மலையேறி வருகிறது என்று மனதார நம்பியிருந்தார். அதில் கர்வம் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

எப்போதும் காட்சி முடிந்த பிறகுதான் சுந்தரிக்கு ராகிக் களியும் வெல்லமும் கொடுப்பார். ஆறாவது வருஷம் முழங்கால் வலி. சாயங்காலம் கூட்டத்தில் நிற்க முடியாது என்று காலையிலேயே தூக்குப் பாத்திரத்தோடு கூடாரத்தின் பின்பக்கம் போனார். முன்காலிலும் பின்காலிலும் சங்கிலியோடு சுந்தரி நின்றிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டே இல்லாம ஆரம்பிச்சுட்டாளாங்க?" என்று பாகன் பொன்ராஜிடம் கேட்டார்.

"பாட்டுக்கும் இதுக்கும் என்னங்க டீச்சர்?" என்றார் பொன்ராஜ். தும்பிக்கையை வாஞ்சையாகத் தடவிக்கொண்டே சொன்னார். "கட்டிப்போட்ட யானை அப்படித்தானுங்க. எட்டி நடக்க முடியலீங்களா, நின்ன எடத்துலயே ஆடும். விடிஞ்சதுல இருந்து ஆடிட்டுத்தான் இருக்குது. பாட்டுக்கு ஆடுதுன்னு நீங்கெல்லாம் சந்தோசப்பட்டீங்க. நாங்களும் வாயத் திறக்கல."

டீச்சர் களியை ஊட்டினார். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை. அவரையறியாமல் அவருடைய விரல்கள் பாத்திரத்தின் விளிம்பில் தாலாட்டைத் தட்டிப் பார்த்தன. தாளம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. யானை எங்கே அவர் தாளத்துக்கு வந்தது? அவர்தான் ஐந்து வருஷமாக யானையின் தவிப்புக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஞானசீலனிடம் சொன்னார். "நான் இன்னிக்கு வாசிக்கலைங்க."

ஞானசீலன் பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தினார். "டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு தபி. ஆஸ்டல் கூரை ஒழுகுது. மழைக்கு முன்னால ஓடு மாத்தணும். இந்த ஒரு தடவை வாசிச்சிரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அதிலும் நியாயம் இருந்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே படுப்பவர்கள் டீச்சரின் வகுப்புப் பிள்ளைகள்தான். டீச்சர் நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மூன்று மணிக்குக் கூடாரம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை முழுக்க விடுதிப் பிள்ளைகள். சுந்தரியை அழைத்து வந்து ஒரு காலை முளையில் கட்டினார் பொன்ராஜ். விடுதிச் செயலாளர் விஜயபாஸ்கர் மைக்கில் டீச்சரின் பெயரைச் சொன்னார். டீச்சர் விரல்களைக் கட்டைகள்மேல் வைத்தார். வைத்த விரல்களை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்த விஜயபாஸ்கர் மைக்செட் பக்கம் ஓடினார். "டீச்சருக்கு உடம்பு சரியில்லை போலிருக்குதுங்க. போன வருசத்துப் பாட்டு பென்டிரைவ்ல இருக்குமே, அதைப் போட்டுவிடுங்க ஞானசீலன்."

ஞானசீலன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம். பாட்டைத் தேடுவதுபோலக் குனிந்து, மைக்செட்டின் பிளக்கைப் பிடுங்கினார்.

பாட்டில்லாத கூடாரத்தில் சுந்தரி ஆடிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தார்கள். "பாட்டே வேண்டாங்குதே" என்று யாரோ சொல்ல, கைதட்டலும் எழுந்தது. கைதட்டல் ஓய்ந்த பிறகும் ஆட்டம் ஓயவில்லை. இடம், வலம், இடம், வலம். ஒவ்வொரு முறையும் சங்கிலி மண்ணில் இழுபடும் சத்தம் கேட்டது. அத்தனை வருஷமும் பாட்டு அதை மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

முன்வரிசையில் இருந்த ஏழாம் வகுப்பு ஜெபிஷா எழுந்தாள். "டீச்சர், போதும் டீச்சர். அதை நிறுத்தச் சொல்லுங்க."

"நான் சொன்னா நிக்காது கண்ணு" என்றார் டீச்சர். "அது எனக்காக ஆடவே இல்ல."

பொன்ராஜ் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. குனிந்து சங்கிலியைக் கழற்றினார். "வா தாயி" என்று காதருகே சொல்லி, சுந்தரியை வாசல் பக்கம் திருப்பினார். வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். சுந்தரி நடந்தது. மூன்று எட்டு, நான்கு எட்டு வைத்ததுமே தலையின் ஆட்டம் நின்றுவிட்டது. மைதானத்துப் பனிமூட்டத்துக்குள் அது தலை அசையாமல், நிதானமாக, ஒரு யானை நடப்பதுபோல நடந்து போனது.

அதைப் பார்த்துத்தான் டீச்சர் அழுதார்.