நாலு கை நட்சத்திர மீன்

கடல் காட்சியகத்தில் அக்காவின் பொறுப்பு நட்சத்திர மீன் தொட்டிகள். தங்கையின் பொறுப்பு பஞ்சடைத்துப் பாடம் செய்த பறவைகள். ஒரே வீட்டில் பிறந்து ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? எது உயர்த்தி என்று எட்டு வருஷமாக வாய்ச்சண்டை.

வாசலில் ஒரு மேடை உண்டு. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். எட்டு வருஷமும் அதில் நின்றது தங்கையின் கடற்காகம். அக்காவின் மீன்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தன. அவசரமாகப் போகிறவர்கள் எதை நின்று பார்ப்பார்கள்? இந்த முறை காட்சியகப் பொறுப்பாளர், அவரவர் உயிரினத்தைப் பற்றி ஆளுக்கொரு விளக்க அட்டை எழுதச் சொல்லியிருந்தார். எது நன்றாயிருக்கிறதோ அதற்கு வாசல். அக்காவுக்கு அந்த இடத்தின் மேல் அத்தனை ஆசை.

தங்கை முதல் ஆளாக எழுதி முடித்தாள். "முதுகெலும்பு இருக்கு, சிறகு இருக்கு, கடல் தாண்டிப் போகும். உன்னோடதுக்கு மூளைகூடக் கிடையாதே அக்கா."

"அது இல்லாமலே நிம்மதியா இருக்கு. உன்னை மாதிரி."

மறுநாள் காலை தொட்டி கழுவ வேண்டியிருந்தது. ஐந்து கையும் அளவெடுத்தாற்போல் இருந்த தன் செல்லத்தை, கடல்நீர் ஊற்றிய தட்டில் வைத்துப் பின்படியில் விட்டாள் அக்கா. மூடவில்லை. எட்டு வருஷமாகப் பஞ்சடைத்த கடற்காகத்தையே பார்த்தவளுக்கு, அது வெளியே உயிரோடும் திரியும் என்பது மறந்துபோயிருந்தது.

சிறகடிக்கும் சத்தம் கேட்டு ஓடினாள். கடற்காகத்தின் அலகில் நட்சத்திர மீன் பாதி துருத்திக்கொண்டிருந்தது. கையிலிருந்த துடைப்பத்தை வீசினாள். பறவை மீனைப் போட்டுவிட்டு, ஒரு கையை மட்டும் விழுங்கிக்கொண்டு பறந்தது.

அக்கா படியில் உட்கார்ந்து அழுதாள். ஓடிவந்த தங்கை, கிடந்ததை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். கேலி பேசவில்லை. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெகுநேரம் கழித்து அது மெல்ல நகர்ந்தது.

"உயிர் இருக்கு. ஆனா கை போச்சே?"

"முளைக்கும். மாசக்கணக்கில ஆகும்," என்று சொல்லும்போதே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுத வேண்டியது கிடைத்துவிட்டது.

மாலையில் பொறுப்பாளர் அவள் அட்டையை வாய்விட்டுப் படித்தார். "இன்று காலை ஒரு கடற்காகம் இதன் கையைத் தின்றுவிட்டது. புதுக் கை முளைக்கும். அடுத்த மாதம் வந்து பாருங்கள்."

பிறகு மேடையில் நின்ற பறவையை ஏறிட்டார். "அடுத்த மாசம் இது எப்படி இருக்கும்?"

"இப்படியேதான்," என்றாள் தங்கை. கடற்காகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தாள். "வா அக்கா, தொட்டியைத் தூக்க ரெண்டு பேர் வேணும்."