பிரேமலாவின் எடை

மலேசியாவில், கோத்தா திங்கி டவுனுக்கு வெளியே உள்ள செம்பனை ஆலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேலாளர் அறையில் பிரேமலா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்கள் சிமெண்டுத் தரைக்குள் ஒரு விரலளவு இறங்கின. மெலிந்த உடம்புக்காரி. ஆலை வாசலில் பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை எடைபோடுவது அவள் வேலை. அன்று அறையில் யாரும் குரலை உயர்த்தவில்லை; மேலாளர் திருச்செல்வம் அவளுக்குத் தேநீர்கூட வரவழைத்திருந்தார். முந்தைய மாதம் ஆலைத் தொழிலாளி அர்ச்சுனனின் வலது கை ஓடும் பெல்ட்டில் சிக்கி முழங்கையோடு போயிருந்தது. வேலை வேகமாக நடக்க பெல்ட்டின் இரும்பு மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னது நிர்வாகம்தான். அரசாங்க விசாரணை வருகிறது என்றதும், மூடி இருந்தது, அர்ச்சுனன்தான் திறந்து கையை விட்டான் என்று சொல்வதாக முடிவாயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எடைக்கூண்டின் ஜன்னல் வழியாகப் பார்த்த பிரேமலா மட்டும் பாக்கி.

“எல்லாரும் சரின்னுட்டாங்க. நீங்க மட்டும் ஏன் லா இப்படிப் பண்றீங்க?” என்றார் திருச்செல்வம்.

“மூடி இல்லையே சார். இல்லாததை இருந்துச்சுன்னு சொல்ல வாய் வரல.”

அவர் மறுபடி கேட்டார். நாற்காலி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அதன்பின் புத்தி சொல்ல வந்த ஒவ்வொருவரும் அவள் எடையைக் கூட்டிவிட்டுப் போனார்கள். கோயில் தலைவர் சதாசிவம் வந்து போன மாலையில் வீட்டுக்கூடத்தின் தரையோடுகள் விரிசல் விட்டன. அக்காள் போனில் அழுத மறுநாள், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் கணவன் ஜெயபாலனின் மோட்டார் சைக்கிள் டயர் வெடித்தது. வெயில் நேரத்தில் அவள் நடந்து போன தார்ச்சாலையில் பாதங்கள் பதிந்தன. நகராண்மைக் கழகத்தார் வந்து ஜல்லி போட்டு நிரப்பினார்கள். கிளினிக்கின் எடைக்கருவி உடைந்ததால், லாரி டிரைவர்கள் அவளை ஆலையின் எடைமேடையிலேயே நிற்க வைத்தார்கள். ஒன்பது டன்னுக்குச் சற்று மேல் காட்டியது. வண்டியின் எடையைக் கழிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கோ எந்தப் பாரமும் தெரியவில்லை. வழக்கம்போலத் துணி துவைத்தாள். மகள் ரூபினி தலை வைத்துப் படுத்தால் அது சாதாரண மடியாகவே இருந்தது.

இவளுக்கு இது எங்கிருந்து வந்தது என்று ஊரார் தேடினார்கள். தைரியசாலி என்று சொல்ல முடியாது. கரப்பான்பூச்சி பறந்தால் அலமாக் என்று கத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிடுவாள். பெரிய பக்தியும் இல்லை, சங்கத்திலும் இல்லை. சின்ன வயதிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்டு, காட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டியவள். எதுவும் பிடிபடாததால், சிலர் அவளைக் கடந்து போகும்போது தங்களை அறியாமல் செருப்பைக் கழற்றினார்கள்.

“நாலு வார்த்தைதானே பிரேமா,” என்றான் ஜெயபாலன். “கம்பெனி வீடு இது. என் லாரியும் அவங்களோடது. எங்க போறது?”

“நானும் சொல்லிப் பாத்தேங்க. பாத்ரூம் கண்ணாடி முன்னால நின்னு, மூடி இருந்துச்சுன்னு வாயை அசைக்கிறேன், சத்தம் வரல. எனக்கே பயமா இருக்கு.”

ஜெயபாலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆலை அவளை வேலையிலிருந்து நிறுத்தி, வீட்டைக் காலி செய்ய ஆட்களை அனுப்பியது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைத் தூக்க முடியாமல், பெஞ்சில் சங்கிலி கட்டி டிராக்டரை விட்டார்கள். டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தனவே தவிர, பெஞ்சு அசையவில்லை. ஓட்டிய மலாய்க்காரர் இன்ஜினை நிறுத்தினார். “சுடா லா, போதும்,” என்று இறங்கி, அவள் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அர்ச்சுனன் இடது கையால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

விசாரணை நாளன்று ஜெயபாலன் யாரிடமும் கேட்காமல் லாரியிலிருந்த குலைகளை ஆலை வாசலிலேயே கொட்டினான். பின்தட்டில் பிரேமலாவை நிற்க வைத்து, விசாரணை நடந்த ஜொகூர் பாருவுக்கு ஓட்டினான். அவள் பார்த்ததைச் சொன்னாள். அதற்குச் சில நிமிடங்களே ஆயின. ஆலைக்குத் தண்டனை கிடைத்தது, பெல்ட்டுகளுக்கு மூடி வந்தது, அர்ச்சுனனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஜெயபாலனுக்கு வேலை போயிற்று. டவுனில் ஆற்றோரமாக ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். பிரேமலாவின் எடை மட்டும் குறையவில்லை.

அடுத்த ஜனவரியில் ஆறு பெருகி, ஆலைக் குடியிருப்பிலிருந்து டவுனுக்கு வரும் சாலையை அறுத்துக்கொண்டு ஓடியது. மீட்புப் படகு இரண்டு முறை வந்து, இழுப்பு தாங்காமல் திரும்பிப் போனது. பிரேமலா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவெள்ளத்தில் போய் நின்றாள். தண்ணீர் அவள் இடுப்பில் மோதி இரண்டாகப் பிரிந்தது. இரு கரையிலிருந்தும் இழுத்த கயிற்றை நடுவில் அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினார்கள். அதைப் பிடித்து ஊர் கடந்தது. சதாசிவம் கடந்தார். பொய் சொல்ல ஒப்புக்கொண்டவர்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக் கடந்தார்கள். திருச்செல்வம் தன் தாயை முதுகில் சுமந்து வந்து, கால் வழுக்கி, பிரேமலாவின் தோளைப் பற்றினார். முகத்தை நிமிர்த்தவில்லை.

“மெதுவா சார். அந்தப் பக்கம் பள்ளம்,” என்றாள் அவள்.

இப்போதும் மழைக்காலத்தில் ஆறு ஏறினால், மீட்புப் படையினர் முதலில் அவள் வீட்டுக்குத்தான் கயிற்றோடு வருகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், உலை கொதிக்கிறது என்கிறாள். பொறுக்கிறார்கள்.