வெள்ளை என்ஜினில் ஏறிய மஞ்சள்

பிரிஸ்கில்லா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அவள் கையால் பெயிண்ட் அடித்த என் பைக் என்ஜின் ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். இருந்தால் எங்கள் கல்யாணப் பேச்சை அவள் வீட்டில் எடுப்பாள்.

"உனுக்கு மூக்குமேல கோவம். நீ கை வச்சா எந்தப் பொருளும் நிக்கறதில்ல. இத்தயாவது ஒழுங்கா வச்சுக்கினு கீறியான்னு பாக்கறேன்" என்றாள். உத்திரமேரூரில் அவளுடைய அப்பாவின் பட்டறையில் பெயிண்ட் வேலை முழுக்க அவள்தான். அடித்துக் கொடுத்த நிறம் பால் வெள்ளை. சேற்றில் டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு வெள்ளை என்ஜின்! அநியாயக்காரி.

நானும் விடவில்லை. தினமும் சூடு ஆறியபிறகு ஷாம்பு கலந்த தண்ணீர், மெல்லிய பிரஷ், பழைய பனியன் துணி. என் மூஞ்சியைக்கூட நான் அப்படிக் கழுவியதில்லை.

கடைசி நாள் ஆயுத பூஜை. பைக்கை முதலாளி தாமோதரன் வீட்டுக் களத்தில் நிறுத்திவிட்டு, டிராக்டரை ஏரிக்கரையில் கழுவி எடுத்து வந்தேன். அதற்குள் அவர் மனைவி கோவிந்தம்மாள் பம்புசெட்டு, மிக்ஸி, அரிவாள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். என் பைக்கையும் விடவில்லை. என்ஜின் முழுக்க மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தது.

"யம்மா! இன்னாம்மா இது?"

"வேதக்காரப் புள்ளன்னு உன் வண்டிய மட்டும் வுட்ருவோமா டேனியலு? நல்லா ஓடணும்னு நெறயவே பூசிட்டேன்!"

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எங்கே கத்துவது? ஷாம்பு போட்டுக் கழுவினேன். குங்குமம் போனது, மஞ்சள் போகவில்லை.

தாமோதரன் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலை நீட்டினார். "துணில நனச்சு ஒரே இழுப்பு இழு, போய்டும்."

எனக்கிருந்த ஆத்திரத்துக்குப் பாட்டிலையே கவிழ்த்திருப்பேன். என்னவோ தோன்றி, அடிப்பக்கத்தில் யார் கண்ணுக்கும் படாத ஓரத்தில் துணியால் லேசாகத் தொட்டேன். மஞ்சளோடு பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. ஐயோ சாமி! பாட்டிலை மூடிவிட்டு, மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்ற நம்பிக்கையில் பைக்கை வெயிலில் தள்ளினேன்.

சாயங்காலம் பிரிஸ்கில்லா வந்தாள். கறை மங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. அவள் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். என் உயிர் என்னிடம் இல்லை.

"தின்னரா?"

"ஆமா."

"இங்க மட்டும் ஏன்?"

"கெட்டுப்போனா ஓரமா போவட்டும்னு தொட்டுப் பாத்தேன். பெயிண்டு வந்துச்சு. நிறுத்திட்டேன்."

"நீயா? நிறுத்தினியா?" களத்துக் கோழிகள் சிதறி ஓடும்படி சிரித்தாள். "எம்மாங் கோவத்துல இருந்தே?"

"மண்ட வெடிச்சிடும்போல இருந்துச்சு."

"அப்பவும் நிறுத்திட்டே" என்றவள் உடனே போனைக் காதில் வைத்தாள்.

"நைனா, ஞாயித்துக்கெழம டேனியல் வூட்லேர்ந்து பொண்ணு கேட்டு வராங்க. எனுக்குச் சம்மதம்தான். இன்னாது, கோவமா? அவருக்கா? ச்சே, ரொம்ப நிதானம் நைனா!"

அவரு! தாவி டிராக்டரில் ஏறி ஹாரனை அழுத்தியவன், கையை எடுக்கவே இல்லை.