ஓடும் உருளையில் கை

எங்கள் மில்லில் காகிதம் அறுந்தால் மிஷினின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. யாரும் எழுதி ஒட்டாத சட்டம் அது. அறுந்த முனையைக் கிழித்து, காகிதத்தை உலர்த்தும், கொதிக்கிற டிரையர் உருளைகளுக்கு நடுவே கையாலேயே திணிக்க வேண்டும். உருளை காகிதத்தை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். போன வாரம், முனையைத் திணிக்கும் அம்மாவாசையின் கையை இழுத்தது. மூன்று விரல்கள் போய், ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"அசால்ட்டா நின்னிருக்கான்" என்று மேனேஜர் கோபிநாத் எல்லார் முன்னாலும் சொன்னார். உப்பளம் பகுதியிலிருந்து தினமும் என் பைக்கில் வந்து, என் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவன் அவன்.

இன்று மதியம் காகிதம் மறுபடி அறுந்தது. அம்மாவாசை இல்லாததால் ஆபரேட்டரான நானே முனையை உருளைக்குள் கொடுக்க வேண்டும். நான் வேகத்தைக் குறைத்தேன். மேனேஜர் ஏ.சி. அறையிலிருந்து ஓடி வந்தார்.

"யாரக் கேட்டுக் குறைச்ச, இனியவா? ஏத்து!"

"ஏத்தறேன் சார். ஆனா உருளைக்குள்ள கைய வுடமாட்டேன்."

"வேல வேணாமா? நோணாங்குப்பம் போட் ஹவுஸ்ல டிக்கெட் கிழிக்கப் போறியா?"

"டிக்கெட் கிழிக்கவும் ரெண்டு கை வேணும் சார்."

பக்கத்தில் நின்ற, வேலை பழகும் பையன் முகிலன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வேணாண்ணே, வம்பு."

நான் சொன்னபடி வேகத்தை ஏற்றிவிட்டு ஒதுங்கி நின்றேன். அறுந்த காகிதம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்துகொண்டிருந்தது. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தள்ளு. நானே போடறேன்!"

தாராளமாக வழி விட்டேன். "மோதிரத்தக் கழட்டிட்டுப் போடுங்க சார்."

கழற்றினார். மேடையேறி, முனையைக் கிழித்து, உருளைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். அனல் முகத்தில் அடித்தது, கையை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை வீம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். மொத்த மிஷினும் முனகிக்கொண்டே நின்றது.

"யார்யா நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார்.

"யாரும் சொல்லல சார். உங்க கையும் போவ வேணாம்னு நிறுத்தினேன். இனிமே காகிதம் அறுந்தா வேகத்தக் குறைச்சுத்தான் ஓட்டுவேன். புடிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

மேனேஜர் திரும்பி முகிலனைப் பார்த்தார். முகிலன் இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.